இருவீச்சு எஞ்சினில் பிஸ்டன் இறுகல்

பிஸ்டன் இறுகல் என்பது, உள்ளெரி எஞ்சின் ஒன்றில் பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே இருக்கவேண்டிய எண்ணெய்ப் படலம் அற்றுப்போய், இரண்டு உலோகப் பரப்புகளும் நேரடியாக உரசி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் பழுது ஆகும். பிஸ்டன் என்னும் உறுப்பு தமிழில் உந்துதண்டு, ஆடுதண்டு, முசலம் எனப் பலவாறு வழங்கப்படுகிறது. பட்டறை வழக்கில் இப்பழுதை "எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது" என்றும் "பிஸ்டன் ஜாம்" என்றும் கூறுவர்.

எல்லா வகை எஞ்சின்களிலும் இப்பழுது ஏற்படலாம். எனினும் மண்தடங்களிலும் காட்டுவழிகளிலும் ஓட்டப்படும் இருவீச்சு மோட்டார் சைக்கிள்களில், அதாவது டர்ட் பைக்குகளில், இது மிகுதியாகக் காணப்படுகிறது. இக்கட்டுரை அவ்வகை எஞ்சின்களில் பிஸ்டன் இறுகுவதற்கான காரணங்களையும், அவற்றைக் கண்டறியும் முறையையும், பழுதுநீக்கும் முறையையும் விளக்குகிறது. கீறல் விழுந்த பிஸ்டன் ஒரு விளைவே அன்றி, காரணம் அன்று. காரணத்தைக் கண்டறியாமல் புதிய பிஸ்டனை மட்டும் பொருத்தினால், அதுவும் விரைவில் அதே இடத்தில் இறுகும்.

இருவீச்சு எஞ்சின் எளிதில் இறுகுவது ஏன்?

நால்வீச்சு எஞ்சினில் கிராங்க் தண்டின் இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறை எரிதல் நிகழ்கிறது. இருவீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சுழற்சியிலும் எரிதல் நிகழ்கிறது. நிமிடத்துக்கு 11,000 சுழற்சி என்னும் வேகத்தில் சுழலும் 125 சிசி எஞ்சினில் நொடிக்கு ஏறத்தாழ 183 முறை பிஸ்டனின் தலைமீது தீ மூள்கிறது. அடுத்தடுத்த எரிதல்களுக்கு இடையே பிஸ்டன் குளிர்வதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு.

இரண்டாவது காரணம் உயவு முறை ஆகும். நால்வீச்சு எஞ்சினில் தனித் தொட்டியில் உள்ள எண்ணெய் பம்பின் உதவியால் சுற்றிவருகிறது. பெரும்பாலான இருவீச்சு டர்ட் பைக்குகளில் அத்தகைய எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலுடன் கலந்த எண்ணெய், கார்புரேட்டர் வழியாகக் கிராங்க் பெட்டிக்குள் வந்து, பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு இறுதியில் எரிந்து வெளியேறுகிறது. (கேடிஎம் நிறுவனம் 2018 மாதிரி ஆண்டில் அறிமுகப்படுத்திய எரிபொருள் செலுத்தல் வகை எஞ்சின்களில் எண்ணெய் தனித்தொட்டியிலிருந்து பம்ப் மூலம் வழங்கப்பட்டது.) ஆகவே கலவை எண்ணெய் முறையில் எரிபொருள் குறைந்தால் உயவும் உடன் குறைகிறது. எரிபொருள் ஆவியாகும்போது கிடைக்கும் குளிர்ச்சியும் குறைகிறது.

இதனால்தான் நீண்ட இறக்கத்தில் திராட்டிலை முழுதும் மூடி, எஞ்சினை உயர் சுழற்சியில் வைத்துக்கொண்டு இறங்குவது ஆபத்தானது. சுழற்சி உயர்ந்திருக்கும் அந்நேரத்தில் எண்ணெய் வரத்து மிகக் குறைந்துவிடுகிறது.

மூன்றாவதாக, இருவீச்சு எஞ்சினின் சிலிண்டர் சுவரில் வெளியேற்றுத் துளை, ஊடுகடத்தல் துளைகள் ஆகியன திறந்துள்ளன. சுடுவளி வெளியேறும் பக்கம் பிஸ்டன் மற்றப் பக்கங்களைவிட அதிகம் சூடாகிறது. துளைகள் உள்ள இடங்களில் பிஸ்டனின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளச் சுவரும் இல்லை.

இடைவெளிக் கணக்கு

இறுகலைப் புரிந்துகொள்ள ஓர் எளிய கணக்கு போதும். எடுத்துக்காட்டாக, யமஹா ஒய்இசட்125 வண்டியின் சிலிண்டர் விட்டம் 54 மில்லிமீட்டர் ஆகும். இத்தகைய எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையேயான இடைவெளி, குளிர்ந்த நிலையில், 0.04 முதல் 0.06 மில்லிமீட்டர் வரைதான் இருக்கும்.

பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம்-சிலிக்கன் கலப்புலோகம், ஒரு பாகை செல்சியஸ் வெப்பநிலை உயர்வுக்குத் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 20 பங்கு விரிவடைகிறது. சிலிண்டரும் அலுமினியத்தால் ஆனது எனில், இரண்டும் ஒரே அளவு சூடாகும்போது இடைவெளி பெரிதும் மாறாது. ஆனால் பிஸ்டன் மட்டும் 50 பாகை கூடுதலாகச் சூடானால்:

54 × 20 × 50 ÷ 10,00,000 = 0.054 மில்லிமீட்டர்

அதாவது, இருந்த இடைவெளி முழுவதும் மறைந்துவிடுகிறது. இயல்பான ஓட்டத்திலும் பிஸ்டன் சிலிண்டரைவிடச் சூடாகவே இருக்கும். அதற்கு இடமளிக்கும் வகையில் பிஸ்டன் தலைப்பகுதி பாவாடைப் பகுதியைவிடச் சிறியதாகவும், குறுக்குவெட்டில் சற்று நீள்வட்டமாகவும் கடையப்படுகிறது. இந்த ஏற்பாடு தாங்கும் அளவுக்கு மேல் வெப்பநிலை வேறுபாடு கூடும்போது இறுகல் நிகழ்கிறது. பிஸ்டன் மிகையாகச் சூடானாலும் இது நேரும். சிலிண்டர் போதிய அளவு சூடாவதற்குமுன் பிஸ்டன் சூடானாலும் இது நேரும்.

ஓட்டத்தின்போது தோன்றும் அறிகுறிகள்

இறுகலுக்குச் சில நொடிகளுக்கு முன்பாகப் பெரும்பாலும் எஞ்சினின் ஆற்றல் குறையும். திராட்டில் திறந்திருந்தும் யாரோ பிரேக்கைப் பிடித்ததுபோல வண்டி தளரும். ஒலி மாறி, உலோகத்தைத் தட்டுவது போன்ற கிணுகிணுப்போ கீச்சொலியோ எழலாம். அதன்பின் எஞ்சின் நின்று, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

இந்நிலையில் உடனடியாகக் கிளட்ச்சைப் பிடிக்க வேண்டும். கிளட்ச் பிடிக்கப்பட்டதும் சக்கரம் எஞ்சினிலிருந்து விடுபட்டு உருளத் தொடங்கும். அவ்வாறு செய்யாவிடில் வண்டி சறுக்கி விழும். இருவீச்சு எஞ்சின் பந்தயங்களில் கோலோச்சிய காலத்தில், ஓட்டுநர்கள் கிளட்ச் பிடியின்மீது எப்போதும் ஒரு விரலை வைத்திருந்ததற்கு இதுவே காரணம்.

எஞ்சின் குளிர்ந்தபின் பிஸ்டன் சுருங்கி விடுபடுவதும் உண்டு. இது மென்னிறுகல் எனப்படும். வண்டி மீண்டும் கிளம்பிவிட்டது என்பதால் பழுது நீங்கிவிட்டது என்று கருதக்கூடாது. பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும்; வளையங்கள் தத்தம் பள்ளங்களில் சிக்கியிருக்கும். உதைமிதியைப் பலங்கொண்டு மிதித்தோ, கியரில் வைத்து வண்டியைத் தள்ளியோ எஞ்சினை விடுவிக்க முயல்வது கேட்டை மிகுவிக்கும்.

பிஸ்டனில் பதியும் தடங்கள்

ஸ்பார்க் பிளக்கையும் புகைக்குழாயையும் கழற்றினால், வெளியேற்றுத் துளை வழியாகவே பிஸ்டனின் ஒரு பக்கத்தைக் காணலாம். எனினும் முழுமையான முடிவுக்கு வர சிலிண்டரைக் கழற்றுவது இன்றியமையாதது. கழற்றிய பிஸ்டனை உடனே துடைத்துவிடக்கூடாது. தடங்கள் எங்கே உள்ளன என்பதே காரணத்தைக் காட்டும் முதன்மைச் சான்று ஆகும்.

* நான்கு மூலைகளில் செங்குத்துக் கீறல்கள்: பிஸ்டன் பின் துளைகளின் இருபுறமும், சுற்றளவில் நான்கு இடங்களில் கீறல் இருந்தால், அது குளிர் இறுகல் ஆகும். எஞ்சினைச் சூடாக்காமல் முடுக்குவது அல்லது இடைவெளி மிகக் குறைவாகப் பொருத்தப்பட்டிருப்பது இதற்குக் காரணம்.
* வெளியேற்றுப் பக்கத்தில் மட்டும் கீறல்: பிஸ்டன் மிகையாகச் சூடாகியுள்ளது. பெரும்பாலும் எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த கலவை, அதாவது மெலிந்த கலவை, இதற்குக் காரணமாகும்.
* உள்ளிழுப்புப் பக்கத்தில் கீறல்: இது அரிதானது. பெட்ரோலில் எண்ணெய் கலக்க மறந்தது, எண்ணெய் தொட்டியில் பிரிந்து நின்றது, அல்லது காற்று வடிகட்டி வழியாக நீர் புகுந்து எண்ணெய்ப் படலத்தைக் கழுவியது ஆகியன காரணங்கள்.
* சுற்றிலும் கீறல்: உயவு முற்றிலும் அற்றதையோ, கூலண்ட் வற்றி முழு எஞ்சினும் கொதித்ததையோ குறிக்கும்.
* தலையின் விளிம்பில் மணல் வீசியது போன்ற சிறுகுழிகள்: வெடிப்பெரிதலின் அடையாளம். ஆக்டேன் எண் குறைந்த பெட்ரோல், முந்திய பற்றவைப்பு நேரம், மிகை அழுத்தம், மெலிந்த கலவை ஆகியவற்றால் இது நேரும்.
* தலையின் நடுவில் உருகிய ஓட்டை: முன்னெரிதலின் அடையாளம். அந்த எஞ்சினுக்குப் பொருந்தாத, மிகச் சூடான வகை ஸ்பார்க் பிளக் இதற்கு ஒரு காரணமாகலாம். பிஸ்டன் உலோகம் 600 பாகை செல்சியஸுக்கும் குறைவான வெப்பநிலையிலேயே உருகத் தொடங்கிவிடும்.
* உள்ளிழுப்புப் பக்கப் பாவாடை சாம்பல் நிறத்தில் மங்கித் தேய்ந்திருத்தல்: இது இறுகல் அன்று, தூசு புகுந்ததன் விளைவு. காற்று வடிகட்டியைச் சோதிக்க வேண்டும்.

ஸ்பார்க் பிளக்கும் ஒரு சான்று ஆகும். அதன் பீங்கான் பகுதி இளம்பழுப்பாக இருந்தால் கலவை சரியாக இருந்தது எனலாம். வெளுத்திருந்தால் கலவை மெலிந்தது. அதன்மீது பளபளக்கும் சிறு உலோகத் துகள்கள் இருந்தால், பிஸ்டனின் அலுமினியம் உருகித் தெறித்துள்ளது.

காரணத்தைத் தேடுதல்

தடம் காட்டும் திசையில் மூலக் காரணத்தைத் தேட வேண்டும். மெலிந்த கலவை எனில் சோதிக்க வேண்டியவை பின்வருமாறு.

எரிபொருள் வழி: தொட்டி மூடியின் காற்றுக்குழாய் அடைபட்டால், தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. அடைபட்ட வடிகட்டி, தாழ்ந்த மிதவை மட்டம், தூசு அடைத்த மெயின் ஜெட் ஆகியனவும் இதே விளைவைத் தரும்.

காற்றுக் கசிவு: கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு, சிலிண்டர் அடிக் கேஸ்கெட் பழுது, கிராங்க் தண்டின் எண்ணெய் சீல் தேய்வு ஆகியவற்றால், கார்புரேட்டரைத் தாண்டிய காற்று உள்ளே நுழைகிறது. மேக்னெட்டோப் பக்கச் சீல் கெட்டால் வெளிக்காற்று புகும். கிளட்ச் பக்கச் சீல் கெட்டால் கியர் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகை வரும். கியர் எண்ணெயின் மட்டமும் குறையும்.

இதனை உறுதிசெய்ய அழுத்தச் சோதனை செய்யப்படுகிறது. உள்ளிழுப்பு, வெளியேற்று வாய்களை ரப்பர் அடைப்பான்களால் மூடி, கைப்பம்பினால் ஏறத்தாழ 0.4 பார் அழுத்தம் ஏற்றிச் சில நிமிடங்கள் கவனிக்க வேண்டும். அழுத்தம் தொடர்ந்து இறங்கினால் கசிவு உள்ளது. சோப்பு நீரைத் தடவினால் குமிழி எழும் இடம் கசிவைக் காட்டும். இதைவிட மிகுந்த அழுத்தம் ஏற்றினால் நல்ல நிலையிலுள்ள சீலும் பிதுங்கிவிடும். சிலிண்டர் பழுதாகியிருந்தாலும் அதைக் கழற்றுமுன் இச்சோதனையைச் செய்வது நல்லது. கழற்றியபின் பழைய கேஸ்கெட்டின் கசிவை அறிய வழியில்லை.

எண்ணெய் விகிதம்: இது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். யமஹா ஒய்இசட்125 கையேடு 30:1 என்னும் விகிதத்தையும், கேடிஎம் 125 சிசி எஞ்சின்களுக்கான கையேடு 40:1 என்பதையும் குறிப்பிடுகின்றன. ஐந்து லிட்டர் பெட்ரோலுக்கு இவை முறையே 167 மில்லிலிட்டர், 125 மில்லிலிட்டர் எண்ணெய் ஆகும். எண்ணெயை மிகுதியாக ஊற்றினால் பாதுகாப்பு கூடும் என்று கருதி, ஜெட்டை மாற்றாமல் விகிதத்தை மட்டும் மாற்றுவது தவறு. ஒரே ஜெட் வழியாக ஓடும் திரவத்தில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். கலவை சற்று மெலியும்.

எரிபொருளின் தன்மை: பெட்ரோல் முழுதும் எரிய எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். எனவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ஜெட்டிலேயே பயன்படுத்தினால் கலவை ஏறத்தாழ 7 விழுக்காடு மெலிகிறது. இந்தியாவில் 2025 ஆம் ஆண்டில் இவ்வகைப் பெட்ரோல் பரவலானதால், கார்புரேட்டர் கொண்ட பழைய இருவீச்சு வண்டிகளை வைத்திருப்போர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும். எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை உடையது. நெடுநாள் தொட்டியில் கிடந்த எரிபொருளில் நீர் பிரிந்து அடியில் தங்கலாம்.

வானிலை: குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. வெயில் வேளையில் சரிபார்க்கப்பட்ட ஜெட், குளிர்ந்த விடியற்காலையில் மெலிந்த கலவையைத் தரும். உயர்ந்த மலைப்பகுதிக்கெனச் சிறிய ஜெட் பொருத்திய வண்டியைச் சமவெளியில் ஓட்டினாலும் இதே நிலைதான்.

மிகை வெப்பம் எனில், சேறு அப்பிய ரேடியேட்டர், கூலண்ட் பம்ப், பற்றவைப்பு நேரம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும்.

பழுதுநீக்கும் முறை

கழற்றுதல்: கூலண்டை வடித்து, பெட்ரோல் தொட்டி, புகைக்குழாய், கார்புரேட்டர், சிலிண்டர் தலை, சிலிண்டர் என்னும் வரிசையில் கழற்ற வேண்டும். சிலிண்டரைத் தூக்கியவுடன் கிராங்க் பெட்டியின் வாயைத் தூய துணியால் மூடிவிட வேண்டும். பிஸ்டன் பின்னின் சர்க்ளிப் வளையம் துள்ளி உள்ளே விழுந்தால், முழு எஞ்சினையும் பிரிக்க நேரிடும்.

கிராங்க் தண்டு: கனெக்டிங் ராடைப் பிடித்து நேராக மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது. பக்கவாட்டில் சிறிது நகர்வது இயல்பே. கையால் சுழற்றும்போது சொரசொரப்பு தட்டினால், அலுமினியத் துகள்கள் பேரிங்குக்குள் புகுந்துள்ளன. எஞ்சினைப் பிரித்து கிராங்கைச் சீரமைப்பதே வழி. சிறிதளவு துகள் மட்டும் இருப்பின் எண்ணெய் கலந்த பெட்ரோலால் பலமுறை அலசி வடிக்கலாம்.

சிலிண்டர்: முதலில் சிலிண்டர் எவ்வகையது என்று அறிய வேண்டும். பழைய வண்டிகளில் வார்ப்பிரும்பு உறை இருக்கும். தற்கால டர்ட் பைக்குகளில் அலுமினியச் சுவரின்மீது நிக்கலும் சிலிக்கன் கார்பைடும் கலந்த கடினப் பூச்சு இருக்கும். ஜெர்மனியின் மாலே நிறுவனம் 1967 இல் அறிமுகப்படுத்திய நிக்கசில் இவ்வகையில் புகழ்பெற்றது.

பூச்சின்மீது தெரியும் கோடுகள் பலவும் பூச்சில் விழுந்த கீறல்கள் அல்ல. பிஸ்டனின் அலுமினியம் அப்பியதால் உண்டானவை. எரிசோடா எனப்படும் சோடியம் ஐதராக்சைடு கரைசல் அலுமினியத்தைக் கரைக்கும்; நிக்கலையும் இரும்பையும் கரைக்காது. பஞ்சுக்குச்சியால் அப்பிய இடத்தில் மட்டும் தடவி, நுரை அடங்கியபின் நீரால் நன்கு கழுவ வேண்டும். துளைகளின் ஓரங்களில் உள்ள பூச்சற்ற அலுமினியத்தில் அது படக்கூடாது. கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும். வெளிப்படும் ஐதரசன் வளி தீப்பற்றக்கூடியது. எனவே கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் ஆகிய மூன்றும் கட்டாயம்.

நுரை நிற்காமல் எழுந்துகொண்டே இருந்தால், பூச்சு பெயர்ந்து அடியிலுள்ள அலுமினியம் வெளிப்பட்டுள்ளது என்று பொருள். உடனே கழுவிவிட வேண்டும். கழுவியபின் நகத்தால் வருடிப் பார்க்கையில் நகம் சிக்கினாலும் அதே முடிவுதான்: மறுபூச்சு இடவேண்டும், அல்லது சிலிண்டரை மாற்ற வேண்டும். பூச்சுள்ள சிலிண்டரை லேத் பட்டறையில் ரீபோர் செய்வது பூச்சை அழித்துவிடும். வார்ப்பிரும்பு உறையாயின் ரீபோர் செய்து, 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனைப் பொருத்தலாம். அவ்வாறு செய்தபின் துளைகளின் கூரிய விளிம்புகளை மழுக்க வேண்டும். இல்லையேல் வளையம் அதில் சிக்கி உடையும்.

அளத்தல்: சிலிண்டர் விட்டத்தை மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களிலும், ஒவ்வொன்றிலும் இரு திசைகளிலும் அளக்க வேண்டும். புதிய பிஸ்டனைக் கையேடு குறிப்பிடும் உயரத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து, சிலிண்டர் விட்டத்திலிருந்து கழித்தால் இடைவெளி கிடைக்கும். வளையத்தைத் தனியே சிலிண்டருக்குள் இட்டு, பிஸ்டனால் தள்ளி மட்டமாக்கி, அதன் முனைகளுக்கு இடையேயான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். இது குறைவாக இருந்தால், சூட்டில் முனைகள் முட்டி வளையமே சுவரைக் கீறும்.

பொருத்துதல்: பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி பொதுவாக வெளியேற்றுப் பக்கம் நோக்க வேண்டும். இருவீச்சு பிஸ்டனின் வளையப் பள்ளத்தில் ஒரு சிறு முளை உண்டு. வளைய முனைகள் அம்முளையின் இருபுறமும் அமர வேண்டும். முனைகள் சுழன்று துளைக்குள் போகாமல் தடுப்பது அதுவே. சர்க்ளிப் வளையம், பின் பேரிங், கேஸ்கெட் ஆகியன புதியனவாக இருக்க வேண்டும். எல்லா உறுப்புகளிலும் இருவீச்சு எண்ணெய் தடவி, தலை நட்டுகளைக் குறுக்கு வரிசையில் படிப்படியாக டார்க் ரெஞ்சினால் முறுக்க வேண்டும். பின்னர் அழுத்தச் சோதனையை மீண்டும் செய்வது நன்று.

பழக்கி ஓட்டுதல்

புதிய பிஸ்டனும் வளையமும் சிலிண்டரோடு பொருந்த, எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கிச் சூடாக்கி, முழுதும் குளிரவிட்டு, இதையே மூன்று முறை செய்வது வழக்கம். அதன்பின் குறைந்த, நடுத்தர வேகங்களில் திராட்டிலை அடிக்கடி மாற்றி ஓட்ட வேண்டும். முழுத் திராட்டிலில் நெடுநேரம் ஓட்டுவதைத் தவிர்க்க வேண்டும்.

தடுக்கும் வழிகள்

* ஒவ்வொரு முறையும் ரேடியேட்டர் கைக்கு வெதுவெதுப்பாகும் வரை எஞ்சினைச் சூடாக்கியபின் ஓட்டுதல்.
* எண்ணெயை அளவுக் குவளையால் அளந்து, கலத்தில் கலக்கியபின் தொட்டியில் ஊற்றுதல்.
* நீண்ட இறக்கங்களில் கிளட்ச்சைப் பிடித்து எஞ்சின் சுழற்சியைக் குறைத்தல், அல்லது இடையிடையே திராட்டிலைச் சற்றுத் திறந்து எண்ணெய் வரவிடுதல்.
* காற்று வடிகட்டியைத் தூய்மை செய்து எண்ணெய் இட்டுப் பொருத்துதல்.
* கையேடு கூறும் கால அளவில் பிஸ்டனையும் வளையத்தையும் மாற்றுதல்.

இவற்றையும் பார்க்கவும்

* உள்ளெரி எஞ்சின்
* நால்வீச்சு எஞ்சின்
* கார்புரேட்டர்
* வெப்ப விரிவு
* உயவு எண்ணெய்